ஏரிக்கரைக்கு இசையை ஓட்டிச் சென்ற மார்லிஸ் டோர்கிரிம்சன் அவர்களுக்கு ஹால்வர் ஏரிப் பள்ளி ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

பனி விலகுமுன்னே பந்தயத்துக்கு நாள் குறித்தவரே! சேறு காயுமுன்னே செடி நடும் விழாவுக்கு மண்வெட்டி எடுத்து வைத்தவரே! நானூறு பிள்ளைகளின் நடையையும் நடனத்தையும், ஓட்டத்தையும் பாட்டத்தையும், ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே தாளில் அடக்கிக் காட்டிய நாட்காட்டியின் நாயகியே! ஹால்வர் ஏரிப் பொதுப்பள்ளி மாவட்டத்தின் மாணவர் நிகழ்ச்சி இயக்குநராக முப்பத்தோர் ஆண்டுகள் நின்றும் நடந்தும், அதட்டியும் அரவணைத்தும் பணியாற்றி, ஓய்வு என்ற சொல்லை இன்று பிறர் வற்புறுத்தலால் மட்டுமே ஏற்றுக்கொள்ளும் எங்கள் மார்லிஸ் டோர்கிரிம்சன் அவர்களே! வணக்கம்!

இம்மடலை எழுதும் பொறுப்பைப் பள்ளி ஊழியர் அனைவரும் ஒருமனதாகப் பேருந்துக் கொட்டகையின் தலையில் கட்டினார்கள். இலக்கியம் கற்பிப்போர் இருவர் இருக்க ஓட்டுநர்களா எழுதுவது என்று கேட்டோம். "உங்களைத்தான் அந்தம்மா ஆயுசுக்கும் திட்டியிருக்காங்க. பாராட்டுறதும் நீங்களே பாராட்டுங்க, கணக்கு நேராயிடும்" என்று பதில் வந்தது. ஆகவே சொற்களில் எங்கேனும் டீசல் மணம் வீசினால் பொறுத்தருள வேண்டும்.

வசந்தத்தை வழிநடத்திய வல்லமையே! எங்கள் வட மினசோட்டாவில் குளிர்காலம் தானாக நடக்கும். வசந்தத்தை யாராவது நடத்த வேண்டும். ஏப்ரல் முடியும்வரை ஏரியில் பனிக்கட்டி. அது உடைந்ததும் ஆறே வாரத்துக்குள் தடகளப் போட்டி, பெண்கள் பந்தாட்டம், பறக்கும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் போட்டி, அறிவியல் கண்காட்சி, மூன்றாம் வகுப்பார் மரம் நடும் விழா, பிராம் நடன விருந்து, பட்டமளிப்பு என்று அத்தனையும் ஒரே கதவில் நெருக்கியடித்து நுழையப் பார்க்கும். பெரிய ஊர்ப் பள்ளியென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே டியூபா ஊதும் பிள்ளைதான் குண்டும் எறிய வேண்டும். குண்டு எறியும் பிள்ளைதான் பிராம் விருந்துக்குக் காகிதப் பூவும் ஒட்ட வேண்டும். அந்தப் பிள்ளை ஒரே மாலையில் மூன்று இடத்தில் நிற்கும்படி நீங்கள் செய்ததை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். மூன்று இடத்துக்கும் அவனை ஏற்றிக்கொண்டு போனவர்கள் நாங்கள்தான்.

"ஏழரைக்கு பஸ்னா ஏழரைக்கு சக்கரம் சுத்தணும். ஏழரைக்கு டிரைவர் காபில சர்க்கரையைச் சுத்திக்கிட்டு இருந்தா அதுக்குப் பேர் பஸ் இல்ல, ஓட்டல்" என்று நீங்கள் கொட்டகை வாசலில் நின்று சொன்னது, அங்கே பணியாற்றிய ஒவ்வொருவர் காதிலும் உண்டு. எங்களுக்குக் கோபம் வரும், ஆனால் நீங்கள் சொன்னால் சக்கரம் சுற்றும். உங்கள் காபியைப் பற்றி இம்மடலில் எதுவும் சொல்லக் கூடாது என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை.

எல்லாம் அறிந்த ஏந்தலே என்று அழைக்க ஆசைதான். ஆனால் பொய் சொல்லி மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கூடாது. இசை உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்றால் அறவே தெரியாது. தேசிய கீதம் தொடங்கியதும் பக்கத்தில் யாராவது எழுகிறார்களா என்று பார்த்துத்தான் நீங்கள் எழுவீர்கள். கிளாரினெட்டையும் பேருந்து பிரேக்கையும் கண்ணை மூடிக்கொண்டு உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட உங்கள் கையால்தான் இந்த வசந்தத்தில் எங்கள் பள்ளி வாத்தியக்குழு உயிர் பிழைத்தது. ஊரறிந்த கதைதான், இருந்தாலும் சட்டத்துக்குள் ஏற வேண்டிய கதை என்பதால் சொல்கிறோம்.

பிப்ரவரியில் பள்ளி வாரியம் கூடியது. வாத்தியக்குழுவில் பத்தொன்பது பிள்ளைகளே மிஞ்சியிருந்தார்கள். போன ஆண்டுக் கச்சேரிக்கு வந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம் என்று ஒரு பேச்சு இருந்தது. வாரியத் தலைவரும், படகுத்துறைக்கு எதிரே தூண்டில் புழுக் கடை நடத்துபவருமான வெண்டெல் நைக்விஸ்ட் எழுந்தார். மனிதர் கெட்டவர் அல்லர், கறார்.

"எனக்குப் பிள்ளைங்க மேல கோவமில்ல. ஆனா கேக்க ஆளில்லாத பேண்டுக்கு வாத்தியார் எதுக்கு? வசந்தக் கச்சேரிக்குப் பாதி மண்டபம் நிறைஞ்சா பேண்டு இருக்கும். நிறையலன்னா செப்டம்பர்ல பூட்டு" என்றார். தீர்மானம் நிறைவேறியது. மே மாத நடுவில் ஒரு திங்கட்கிழமை வாரியம் கூடி முடிவெடுக்கும் என்றும் குறித்தார்கள்.

அப்போது நீங்கள் எழுந்து சொன்னதைக் கூட்டத்தில் இருந்த எங்களில் சிலர் கேட்டோம். "வெண்டெல், இந்த காலண்டர்ல நான் சேத்துத்தான் பழக்கம், அடிச்சுப் பழக்கமில்ல. நான் ரிட்டயராகிப் போற வருஷம் ஒண்ணை அடிச்சிட்டுப் போக மாட்டேன்."

"மண்டபம் நிறைஞ்சா நீ ஏன் அடிக்கப்போற?" என்றார் அவர்.

ஏப்ரலில் உங்கள் முழங்கால் அறுவை. ஹாக்கிப் பருவம் முடியட்டும், முடியட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்டுப் போட்டு, கடைசியில் மருத்துவர் அதட்டியதால் போனீர்கள். உங்களையும் ஒருவர் அதட்ட முடியும் என்று அன்றுதான் அறிந்தோம். இரண்டு வாரம் நாட்காட்டி உங்கள் கையைவிட்டு எங்கள் கைக்கு வந்தது. குரங்கு கைப் பூமாலை என்பது இதுதான்.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் வாத்திய ஆசிரியை ஜோலீன் ஹாவர்காம்ப் கச்சேரிக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது. ஐயோவாவின் சோளக்காட்டிலிருந்து சென்ற இலையுதிர் காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்த இளம்பெண். நாட்காட்டியைத் திறந்தார். மே மாதம் முழுக்க மை. ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் பளிச்சென்று வெள்ளையாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் கிடந்தது. எவ்வளவு நல்ல காலம் என்று மகிழ்ந்து அதில் கச்சேரியை எழுதிவிட்டார்.

அது மீன்பிடித் திறப்பு நாள். பிப்ரவரி கடைசியிலிருந்து தடை இருந்து, வால்ஐ என்னும் எங்கள் ஏரி மீனுக்குத் தூண்டில் போடலாம் என்று அரசு அனுமதிக்கும் முதல் நாள். அன்று கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். அந்த நாளை எங்கள் நாட்காட்டியில் யாரும் எழுதுவதில்லை; சூரியன் உதிக்கும் என்று யாராவது எழுதி வைப்பார்களா? முப்பது வருடமாக அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது, இவ்வூரில் பிறந்த எவர் கையும் அதைத் தொடாது என்ற ஒரே நம்பிக்கையில்தான். ஜோலீன் எழுதியதை நாங்கள் பார்த்தோமா என்றால், பார்க்கவில்லை. நாங்கள் எவரும் நாட்காட்டியைப் படிப்பதே இல்லை. நீங்கள் சொல்வதைக் கேட்பதோடு சரி.

கோலூன்றித் திரும்பி வந்த கோமகளே! அலுவலகத்தில் நீங்கள் அந்தத் தாளைப் பார்த்த கணத்தில் நாங்கள் மூன்று பேர் சாவி வாங்க வந்து நின்றிருந்தோம். இடி விழும் என்று பின்வாங்கினோம்.

"ஜோலீன், இந்த நாளை யாரும்மா போட்டது?"

"நான்தான். அது ஒண்ணுதான் காலியா இருந்துச்சு, அதான்…"

"காலியாவா! அன்னிக்கு இந்த ஊர்ல எவனாவது செத்தாக்கூட ஞாயித்துக்கிழமைதான் எடுப்பாங்க!"

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப பேண்டு போச்சு. என்னாலயே போச்சு. பிள்ளைங்க கிட்ட நான் என்ன சொல்வேன்?" என்று நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். திட்டத் தெரிந்த உங்களுக்கு அன்று திட்ட வரவில்லை. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் நின்றீர்கள். "நீ தப்புப் பண்ணல. எழுதி வைக்காதது நாங்க. அழுறதை நிறுத்திட்டு, மாத்த முடியுமான்னு பாப்போம் வா" என்றீர்கள்.

பார்த்தீர்கள். ஏப்ரல் பனிப்புயலில் நின்றுபோன பந்தாட்டங்கள் எல்லா மாலைகளையும் விழுங்கியிருந்தன. வேறு சனிக்கிழமைகளில் பிராம் விருந்து, மாவட்டத் தடகளம். எக்காளம் ஊதும் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கே ஓட வேண்டியவர்கள். திறப்பு நாளுக்கு அடுத்த திங்கள் வாரியத்தின் முடிவு. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. நாட்காட்டியை மூடிவிட்டு எங்களைப் பார்த்து, "பஸ் எத்தனை இருக்கு?" என்று கேட்டீர்கள்.

அன்று மாலையே உங்களைப் புழுக் கடைக்கு ஓட்டிப் போனோம். வெண்டெல் கல்லாவுக்குப் பின்னால் நின்று தூண்டில் முள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வெண்டெல், கச்சேரி திறப்பு நாளன்னிக்கு விழுந்துடுச்சு, ஊர் மண்டபத்துக்கு வராது. அதனால மண்டபம் ஊர்கிட்ட வருது. சனிக்கிழமை மத்தியானம், உன் கடைக்கு எதிர்ல, படகுத்துறையில."

"மண்டபமே இல்லாம பாதி மண்டபம் எப்படி மார்லிஸ் எண்ணுறது?"

"நீயே எண்ணு. மண்டபத்துல பாதி எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமில்ல? எண்ணத் தொடங்கு, நீ எந்த எண்ணுல நிறுத்துறேன்னு பாப்போம்."

அவர் சிரித்துவிட்டார். "மீன் பிடிக்க வர்றவனுக்குக் கிளாரினெட் சத்தம் கேட்டா கல்லைத்தான் எடுப்பான்."

"எடுக்கட்டும். கல்லைத் தேட அவன் கரைக்கு வரணுமில்ல?"

உங்கள் கடைசி வசந்தச் செய்தி மடல் திறப்பு நாள் வாரத்தில் வீடுதோறும் போயிற்று. அறிவியல் கண்காட்சிப் பரிசுகளும் மரம் நட்ட படங்களும் உள்ளே போய்விட, முதல் பக்கம் முழுவதும் மூன்றே வரி: "சனிக்கிழமை நண்பகல், படகுத்துறை. மீன் உங்களுடையது, எண்ணெய் எங்களுடையது. இசை உங்கள் பிள்ளைகளுடையது." பள்ளிச் சமையலறையார் பெரிய இரும்புச் சட்டிகளையும் உருளைக்கிழங்கு மூட்டைகளையும் ஏற்றித் தந்தார்கள். மீன் பிடிக்கிறவர்களைப் பிடிக்க நீங்கள் போட்ட தூண்டில் அது.

ஆனால் வானம் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை மேகம் மூடி, மெல்லிய காற்று எழுந்து, ஏரி சிலிர்த்துக் கிடந்தது. மீன் தூண்டிலைக் கடிப்பதற்கென்றே அளந்து செய்த நாள். பேருந்துகளைக் காற்றுக்குக் குறுக்கே சுவராக நிறுத்தினோம். பிள்ளைகள் கறுப்புக் கச்சேரி உடைக்கு மேல் குளிர்கோட்டு மாட்டி, ஊதுவாய்களைச் சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நின்றார்கள். மரக் கிளாரினெட் குளிரில் வெடித்துவிடும் என்று பிளாஸ்டிக்கை எடுத்து வந்திருந்தார்கள். எண்ணெய் காய்ந்தது. நண்பகல் ஆயிற்று. ஒரு படகும் திரும்பவில்லை. தூரத்தில் புள்ளி புள்ளியாக அத்தனை பேரும் மீன் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் சமையற்காரர்களும் ஓட்டுநர்களும், படகு பழுதான இரண்டு பேரும்.

வெண்டெல் கடைப்படியில் நின்று பார்த்தார். "எண்ணிட்டேன் மார்லிஸ்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

ஜோலீன் உங்களிடம் ஓடி வந்தார். "கேக்க யாருமே இல்ல. பிள்ளைங்களைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடலாமா? விரல்லாம் நீலமாயிடுச்சு."

"வாசிங்க."

"யாருக்கு?"

"ஏரிக்கு. சத்தமா வாசிங்க. தண்ணி மேல சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு இந்த ஊர்ல சண்டை போட்ட எல்லாப் புருஷன் பொண்டாட்டிக்கும் தெரியும்."

பத்தொன்பது பேரும் தண்ணீரை நோக்கித் திரும்பினார்கள். அணிவகுப்பு இசை ஒன்றை எடுத்தார்கள். தொடக்கம் பிசிறடித்தது என்று பின்னால் சொன்னார்கள், எங்களுக்குத் தெரியவில்லை. டிரம்போன் ஏறியதும் சத்தம் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. தூரத்தில் ஒரு படகு கரைப் பக்கம் முகம் திருப்பியது. அதில் இருந்தவர் டிரம்போன் ஊதிய பெண்ணின் தந்தை. வேகமாக வந்தவர், பாதித் தொலைவிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டார். மகள் ஊதும்போது தன் மோட்டார் இரையக் கூடாது என்று நிறுத்தினார். பின்னால் வந்த படகும் நிறுத்தியது. அதற்குப் பின்னால் வந்ததும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாவது பாடல் நடக்கும்போது ஏரியின் அந்த மூலை முழுக்கப் படகுகள், ஒரு மோட்டார் சத்தம் இல்லை. கையில் தூண்டிலோடு ஊர் மிதந்துகொண்டிருந்தது.

வெண்டெல் விரல் நீட்டி எண்ணிப் பார்த்தார். காற்றில் படகுகள் ஒன்றின் பின் ஒன்று நகர்ந்தன. "டேய், ஒரு இடத்துல நில்லுங்கடா! கணக்குத் தப்புது!" என்று கத்தினார். படகிலிருந்து யாரோ "உஷ்!" என்றார்கள். வாரியத் தலைவரை ஊரே அதட்டியது அன்றுதான். அவர் கடைக்குள் போனார். மூடியிருக்கிறது என்ற பலகையைத் திறப்பு நாளன்று, அதுவும் நண்பகலில், கதவில் மாட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு துறையின் கடைசிப் பலகை வரை நடந்து போய் நின்றார். அந்தக் கடையில் அப்படியொரு நாள் இதற்கு முன் நடந்ததில்லை.

அப்போது நீங்கள் பேருந்தின் முன்சக்கரத்தருகே நின்று எங்களில் ஒருவரின் கையைப் பிடித்தீர்கள். "எனக்கு ஒண்ணும் விளங்கல. உண்மையைச் சொல்லு. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு மார்லிஸ். ரொம்ப நல்லா இருக்கு."

"நிஜமா?"

"நிஜமா."

"சரி, அப்ப அழலாம்" என்று சொல்லிவிட்டு அழுதீர்கள். முப்பத்தோர் ஆண்டில் நாங்கள் பார்த்த முதல் அழுகை. அதற்கும் எங்களிடம் அனுமதி கேட்டுத்தான் அழுதீர்கள்.

வெற்றித் திருமகளே! கச்சேரி முடிந்ததும் கைதட்டல் எழவில்லை. தூண்டில் பிடித்த கை எப்படித் தட்டும்? ஒருவர் துடுப்பால் தன் அலுமினியப் படகின் விலாவில் ஓங்கி அடித்தார். அடுத்தவரும் அடித்தார். பிறகு ஏரி முழுக்க அலுமினியமும் துடுப்பும் ஊதுகொம்பும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் பறவைகள் ஏரி நடுவிலுள்ள தீவைவிட்டுக் கிளம்பின. பிள்ளைகள் குளிரை மறந்து குதித்தார்கள். ஜோலீன் இசை நடத்தும் சிறு குச்சியை மேலே எறிந்துவிட்டு, அது தண்ணீரில் விழுந்ததைப் பற்றிக் கவலையே படவில்லை. ஊர் கரையேறி, பிடித்த மீனைக் கொட்டி, எண்ணெய் தீரும்வரை பொரித்துத் தின்றது.

திங்கட்கிழமை வாரியம் கூடியது. எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒருவர் கேட்டார். வெண்டெல் தொண்டையைச் செருமினார். "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன். நான் விட்டதையே கணக்கா எடுத்துக்கங்க" என்றார். வாரியத்தார் ஏழு பேரின் கைகளும் உயர்ந்தன. வாத்தியக்குழு இருக்கும், ஜோலீன் இருப்பார். ஆறாம் வகுப்பில் இப்போது பாதிப் பேருக்கு முரசுதான் வேண்டுமாம். அந்தத் தலைவலி உங்களுக்கு அல்ல, அவருக்கு. அடுத்த ஆண்டு நாட்காட்டியின் அந்த வெள்ளைச் சனிக்கிழமையில் நண்பகல், படகுத்துறை, வாத்தியக்குழு என்று மையால் எழுதியாயிற்று. நீங்கள் எதையும் அடிக்காமல் போகிறீர்கள். கூட ஒன்று சேர்த்துவிட்டுப் போகிறீர்கள்.

அன்புக்குரிய அதட்டலே, அயராத பேருழைப்பே! நோயற்ற உடலும் நோகாத முழங்காலும் நீண்ட ஆயுளும் பெற்று, காலையில் எந்நேரம் எழுவது என்று யாரையும் கேட்காமல், எந்தப் பேருந்துக்கும் காத்திராமல், நிறைய மீனும் நிறையப் பேரப்பிள்ளைகளும் சூழ நெடுங்காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். வாழ்த்த வயதில்லாதவர்கள் வணங்குகிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. இந்த மண்டபத்தில் நடந்த எந்த நிகழ்ச்சியையும் நீங்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை. கதவருகே நின்று ஒரு கண்ணை மேடையிலும் மறு கண்ணை வாகன நிறுத்தத்திலும் வைத்திருப்பீர்கள். ஒரு நாடகத்தின் முடிவுகூட உங்களுக்குத் தெரியாது. இப்போதும் பாருங்கள், இம்மடலைக் கதவருகே நின்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். திரைக்குப் பின்னால் பத்தொன்பது பிள்ளைகளும் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். விளங்காவிட்டால் பரவாயில்லை, நல்லா இருக்கா என்று கேளுங்கள், சொல்வதற்கு ஊரே இருக்கிறது. வண்டிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மார்லிஸ். முதல் வரிசையில் வந்து உட்காருங்கள்.

என்றும் உங்கள் அதட்டலுக்கு ஏங்கும்
பேருந்துக் கொட்டகையாரும், சமையலறையாரும், ஆசிரியர்களும்,
ஹால்வர் ஏரிப் பொதுப்பள்ளி மாவட்டம்